எடுக்க வருகிறார்கள்

"தொப்பூர் கணவாய் இறங்கிட்டோம்மா. வந்து எடுத்துக்கிட்டு உடனே கிளம்பிடறோம்" என்று போனில் சொன்னான் அந்தப் பையன் இளம்பரிதி. பையன் என்ன பையன், முப்பத்தைந்து வயது, ஓசூரில் கம்பெனி வேலை, என் பெண் தேன்மொழியைவிட ஏழெட்டு வயதுதான் சின்னவன். சரி தம்பி, அவசரமில்லை, மெதுவா வாங்க என்று சொல்லி வைத்தேன். வைத்ததும் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. வீட்டைப் பெருக்கியாயிற்று. டிகாக்‌ஷன் இறக்கியாயிற்று. வண்டிக்குள் கிடந்த என் வீட்டுக்காரருடைய குடை, துண்டு, கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் நேற்றே உள்ளே கொண்டுபோய் வைத்தாயிற்று. போர்ட்டிகோவுக்கு வந்தேன், வண்டியின் கதவைத் திறந்தேன், உட்கார்ந்துவிட்டேன். இடது பக்கம், என் இடம். எங்கள் பியட்டுக்கு முன்சீட்டு ஒரே பெஞ்சுதான், இரண்டு நாற்காலியாகப் பிரிந்திருக்காது. கியர்கூட ஸ்டீயரிங் பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி இருக்கும். அதனால் நடுவில் தாராளமாக ஒரு ஆள் உட்காரலாம். தேனு நின்றுகொண்டே வந்த இடம் அது, பிறகு உட்கார்ந்துகொண்டு வந்த இடம், பிறகு எங்கள் கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் வந்த இடம். அவர் பக்கத்து சீட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. என் பக்கம் அவ்வளவு இல்லை. நான் கனமில்லாதவள் என்று இல்லை, அவர் தினமும் உட்கார்ந்தார், நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமைக்காரிக்கு இவ்வளவு வலிக்கிறது. உள்ளே வெயில் ஏறின ரெக்சின் வாசனை, பெட்ரோல் வாசனை, அதற்கும் அடியில் ஏதோ ஒரு பழைய வாசனை, பிஸ்கட் மாதிரி. கண்ணாடியை இறக்கிவிட மனசு வரவில்லை.

எடுத்துக்கிட்டு. மற்ற வார்த்தையெல்லாம் போய்விட்டது, அது மட்டும் காதிலேயே நிற்கிறது. எனக்கு இது பழைய வியாதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு ஜனங்கள் கால்கடுக்கக் காத்திருந்த காலம். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உலை வைக்கும்போதும் யாரோ முகம் தெரியாத ஆள் சொன்ன ஒரு சொல் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். பேசுவதைக் கேட்கக் கூடாது என்பது விதி. லைன் இருக்கிறதா அறுந்துவிட்டதா என்று அவ்வப்போது காது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. இந்த இரண்டு விதிக்கும் நடுவில் எத்தனையோ வீட்டுச் சாவை நான் கேட்டிருக்கிறேன். செத்துவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாருடா என்று இந்தப் பக்கம் ஒரு குரல் உடையும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, லைனின் இரைச்சல்தான். பிறகு கேள்வி வரும். படித்தவர், படிக்காதவர், வெள்ளிப் பட்டறைக்காரர், ஆபீசர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். எப்ப எடுக்கறாங்க? அழுகை அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்வி வருகிறவரைக்கும் அவர் அப்பா, மாமா, சின்னய்யா. கேள்வி வந்ததும் எடுக்க வேண்டிய ஒன்று. அதே வாயால்தான் தீபாவளிக்குப் புடவை எடுத்தோம் என்கிறோம், போட்டோ எடுத்தோம் என்கிறோம், பொண்ணு எடுத்தோம், வண்டி எடுத்தோம் என்கிறோம். பிள்ளை மார்க் எடுக்கிறது, பசி எடுக்கிறது. வேறு ஒரு சொல் கிடைக்கவில்லையா இவர்களுக்கு? அவ்வளவு பஞ்சமா?

வல்லி, வண்டி எடுத்தாச்சு! அப்படித்தான் அவர் சொன்னார். சொன்னதும் நேரில் இல்லை. கோயமுத்தூருக்குப் போய் டெலிவரி வாங்கி, அங்கிருந்தே எக்ஸ்சேஞ்சுக்கு ட்ரங்க் கால் போட்டு, ஆபரேட்டர் சௌந்தரவல்லியிடம் ஒரு அவசரத் தகவல் என்று தன் மின்வாரிய இன்ஜினியர் தோரணையில் குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டார். யாருக்கோ என்னவோ என்று சூப்பர்வைசர் அம்மாள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். எடுத்தாச்சு என்று அவர் கத்தியது பக்கத்து போர்டு வரைக்கும் கேட்டது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று, சந்தோஷமாகவும் இருந்தது. புக் பண்ணி, வருஷக்கணக்கில் காத்து, தேனு வயிற்றில் இருக்கும்போது பதிவு செய்து அவள் ஓடி விளையாடும்போது வந்த வண்டி. வெளிர் நீலம். இவ்வளவு வெளிர் வேண்டாம் என்று நான் சொன்னேன், அழுக்குத் தெரியும் என்று. சேலம் வெயிலுக்கு இதுதான் சரி என்றார். அவருக்குச் சாமி கிடையாது, ராகுகாலம் கிடையாது, பஞ்சாங்கத்தைப் பல்லி விழும் பலன் படித்துச் சிரிப்பதற்காக மட்டும் வாங்குவார். அப்படிப்பட்டவரை வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏற்றினார். ஒரு பழம் நசுங்காமல் பிதுங்கி ஓரமாக உருண்டு போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, முகம் சொல்லியிருக்க வேண்டும். வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, குனிந்து, அந்தப் பழத்தைப் பொறுக்கி அவரே சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். "இது நசுங்கலைன்னா இன்னிக்கு நீ தூங்க மாட்டே, என்னையும் தூங்க விட மாட்டே" என்றார். மறுபடி ஏறி உட்கார்ந்து ஓட்டினார். நம்பிக்கை இல்லாதவர் எனக்காகக் குனிந்தார், நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அன்றைக்குத்தான் இவர் எனக்குப் புருஷன் என்று தோன்றியது. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. என்னத்தைச் சொல்வது.

அதற்குப் பிறகு இந்த வண்டியில் நடக்காதது எது. தெருவில் இருந்த அத்தனை பெண் பிள்ளைகளும் இதில்தான் மணவறைக்குப் போனார்கள், வண்டிக்குப் பூ ஒட்டிய பசை தேய்க்கத் தேய்க்கப் போகாது. எதிர்வீட்டு ராஜம்மாவைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போனதும் இதில். ஏற்காடு மலைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. மலை அடிவாரத்தில் சிரிப்பும் பாட்டுமாக இருக்கும். நாலாவது வளைவில் தேனு பேச்சை நிறுத்துவாள். ஆறாவது வளைவில் அப்பா வாந்தி எடுக்க வருது என்பாள். உடனே நான் என் பக்கத்து முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைப்பேன். இப்போதைய வண்டிகளில் அந்தக் கண்ணாடி கிடையாது. கதவுக் கண்ணாடிக்கு முன்னால் சின்னதாக, கைவிரலால் தள்ளினால் திரும்பும். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் காற்று வரும். தேனு முகத்துக்கு நேராகக் காற்றை அனுப்பிக்கொண்டு நான் வருவேன், அவர் என் பக்கம் திரும்பாமலே, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு, இன்னும் கொஞ்சம் என்பார். இப்போதும் விரல் அங்கேதான் போகிறது. தள்ளினேன். திரும்புகிறது. காற்று இல்லை, வண்டி நின்றல்லவா இருக்கிறது.

நடுவில் ஒரு காலம் வந்தது, இதை யாரும் மதிக்கவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் புதுசு புதுசாக வந்து நின்றது. எங்கள் வண்டியைப் பார்த்து, சார் இன்னுமா இதை வச்சிருக்கீங்க, காயலான் கடைக்குப் போடுங்க, எடைக்கு எடுத்துப்பான் என்றார்கள். தேனுவே கல்லூரி வாசலுக்கு வேண்டாம், முனையிலேயே இறக்கிவிடுங்கப்பா என்றாள். அவர் முனையிலேயே இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்தார். பிறகு எப்படியோ காற்று மாறிவிட்டது. காயலான் கடைக்குப் போடச் சொன்ன அதே பக்கத்துவீட்டு ஆள் பேரனைப் பானெட் மேல் உட்கார வைத்துப் படம் பிடிக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ பிடிக்கிறேன் என்று ஒரு ஜோடி வந்து வாசலில் நின்றது. சினிமாக் கம்பெனிக்காரன் ஒருத்தன் வாடகைக்குக் கேட்டான். வாரத்துக்கு ஒருத்தராவது கேட் முன்னால் வண்டியை நிறுத்தி, சார் குடுக்கற ஐடியா இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரே கை வண்டி, பெயின்டு மாறாதது, சீட்டு மாறாதது என்று ஜாதகம் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். புதுசாக வாங்கியபோது கொடுத்ததைப் போல் எத்தனையோ மடங்கு சொன்னார்கள். அவருக்கு உள்ளூரப் பெருமை. "பாத்தியா வல்லி, நானும் இப்படித்தான், வயசாக வயசாக ரேட்டு ஏறும்" என்பார். உங்களை யார் வந்து கேட்டா என்பேன் நான். யார் கேட்டாலும் இல்லை, கொடுக்கிறதாக இல்லை என்பதுதான் பதில். தேனு புனேயிலிருந்து, விக்காதீங்கப்பா, இன்னும் ஏறும் என்றாள். முனையிலேயே இறக்கிவிடச் சொன்னவள்.

அப்படி இருந்தவர் ஆனி மாதம் ஒரு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வண்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன் என்றார். நான் சட்னியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஏன் என்றேன். ஓட்ட முடியலை என்றார். அந்த ஓசூர்ப் பையன் நல்லவனாகத் தெரிகிறான், அவன் அப்பா வைத்திருந்ததும் இதே நீல பியட்டாம், அவன் சின்னவனாக இருக்கும்போது விற்றுவிட்டார்களாம், அந்த வண்டியைத் தேடித் தேடிக் கிடைக்கவில்லையாம், இதை வைத்துக்கொண்டு கும்பிடுவான், என்றார். அந்தப் பையன் வந்து பார்த்துவிட்டுப் போனபோது கண் கலங்கியதை நானும் பார்த்தேன்தான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, முன்சீட்டு முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டான், குழந்தை மாதிரி. ஆனால் அது அவனுடைய வண்டி இல்லையே, எங்களுடையது. அவனுக்கு அவனுடைய அப்பா வேண்டும் என்றால் அதற்கு எங்கள் வீட்டுக்காரரின் வண்டியா? எரிச்சலாக இருந்தது எனக்கு. என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்ததில் அதைவிட எரிச்சல். லீவு கிடைத்து அந்தப் பையன் வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அவனுடைய அம்மா ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுத்துக்கலாம் என்று சொல்லிவிட்டாளாம். நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்தேன். ஆமா, ஆடியில யாராவது வண்டி எடுப்பாங்களா, அந்தம்மா சொல்றது சரிதானே என்றேன். ஒரு மாதம் கூடக் கிடைக்கும், அதற்குள் இவர் மனசு மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். இவர் சாதாரணமாகச் சிரித்திருக்க வேண்டும், ஆடி மாசம் பெட்ரோல் எரியாதா என்று கிண்டல் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. "ஆடியாவது மண்ணாவது! வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு!" என்று கத்தினார். டம்ளரைத் தட்டென்று வைத்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர். ஊரே இருட்டில் கிடந்தாலும் ஃப்யூஸ் கம்பியை மெதுவாக முறுக்குகிற மனிதர். அன்றைக்கு என்ன வந்தது அவருக்கு?

அதைத்தான் இத்தனை நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவருக்குத் தெரியுமா தெரியாதா. போகப்போகிறோம் என்று தெரிந்துதான் வண்டியைக் கொடுக்க ஏற்பாடு செய்தாரா. ஆடி முடிவதற்குள் ஒரு நாள் காலையில் காப்பி கேட்டு, குடித்து, இன்னும் கொஞ்சம் இருந்தா குடு என்று சொல்லி, நான் கொண்டுவருவதற்குள் நாற்காலியில் தலை சாய்ந்துவிட்டது. மார்பில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் வந்து பார்த்த டாக்டர், கஷ்டமே தெரிஞ்சிருக்காதும்மா என்றார். தேனு கேட்டாள், அப்பா முன்னாடி ஸ்கேன் ஏதாவது எடுத்தாராம்மா? தெரியலையே. பீரோவைக் குடைந்தேன், ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆனால் வைகாசியில் பல் வலி என்று தனியாகப் போய்விட்டு மத்தியானம் தாண்டி வந்தார். பல் எதையும் பிடுங்கிய மாதிரி தெரியவில்லை, வந்ததும் முறுக்குச் சாப்பிட்டார். அதே மாதம் சும்மா ஏற்காடு போய்ட்டு வரலாம் வா என்றார், இரண்டு பேர் மட்டும். பாதி மலையில் ஓரங்கட்டினார். வண்டி மூச்சு வாங்குது வல்லி, கொஞ்சம் ஆறட்டும் என்றார். பானெட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எனக்கு முதுகைத்தான் காட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியது வண்டியா, அவரா? பிறகு ஒரு நாள் மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், இந்த வால்வு போர் தண்ணி, இது கார்ப்பரேஷன் தண்ணி, இதை மூடிட்டுத்தான் அதைத் திறக்கணும், நீ திற பார்க்கலாம் என்றார். எனக்கெதுக்கு இது, நீங்க எதுக்கு இருக்கீங்க என்று கேட்டேன். கேட்டேனே. அதற்கு அவர் என்ன முகம் காட்டினார் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வெயில் கண்ணில் அடித்தது, பார்க்கவில்லை.

இல்லை, தெரிந்திருக்காது. தெரிந்தவர் செருப்புக் கடையில் அவ்வளவு நேரம் பேரம் பேசுவாரா? கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார், புது ஃப்ரேம், இளைஞன் மாதிரி இருக்கா என்று கேட்டார், சாகப்போகிறவர் அப்படிக் கேட்பாரா? அந்தக் கண்ணாடியை நான் போய் வாங்கிவரவில்லை. தெரிந்திருக்காது, தெரிந்திருக்கவே கூடாது. தெரிந்திருந்தால் அந்த இரண்டு மாதமும், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஃபேனைப் பார்த்துக்கொண்டு, தனியாக இதைச் சுமந்தார் என்று ஆகிவிடும். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும். கடைசி மாதங்களில் அவர் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்காகச் சிரித்தது என்று ஆகிவிடும். வேண்டாம். திடீரென்று போனார், ஒன்றும் அறியாமல் போனார், இன்னும் கொஞ்சம் காப்பி கிடைக்கும் என்ற நினைப்போடு போனார். அதுதான் எனக்கு வேண்டும். குரலைக் கேட்டே சொல்லிவிடுவேன் நான், அந்தக் காலத்தில். ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று போர்டில் இருக்கிற பெண்களிடம் பந்தயம் கட்டுவேன், தோற்றதே இல்லை. இவர் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பொய் சொன்னால் முதல் எழுத்திலேயே பிடிப்பேன். ஆடியாவது மண்ணாவது. அந்தக் குரலையும் கேட்டேன். கோபம் என்று நினைத்துவிட்டேன். கோபம் மாதிரிதான் இருந்தது. கோபம்தானே?

அன்றைக்கு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். வண்டி குறுக்கே நிற்கிறது, தள்ளி நிறுத்துங்கப்பா என்று யாரோ சொன்னார்கள், நாலு பேர் இதைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். இது ஸ்டார்ட் ஆகாமல் தள்ளப்பட்டுப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லோரும் போனில் பேசினார்கள், என்னைச் சுற்றி எல்லா மூலையிலும். ஆமாங்க, காலையில. ஆமா, பொண்ணு வரணும். பிளேன் பிடிச்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவாங்க. எடுத்துடுவாங்க, எடுத்துடுவாங்க. ஒவ்வொரு குரலும் என் பழைய லைனில் வருகிற மாதிரி இருந்தது. லைனைப் பிடுங்கிவிடலாம் என்று கை பரபரத்தது, பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. பிறகு எடுத்தார்கள். அதை நினைக்க வேண்டாம். முக்கோணக் கண்ணாடியை உள்ளே தள்ளினேன், வெளியே தள்ளினேன்.

கேட் திறக்கிற சத்தம். வாடகைக் கார் ஒன்றை அனுப்பிவிட்டு உள்ளே வருகிறார்கள், இளம்பரிதியும் அவனுடைய அம்மாவும். அந்த அம்மாள் கையில் ஒரு பை, பூவும் பழமும் தெரிகிறது. அவள் நெற்றியிலும் வெறும் விபூதிதான். நான் இறங்க வேண்டும். இறங்குகிறேன். கால் கீழே வரவில்லை. "உக்காருங்க, உக்காருங்க அக்கா" என்று அந்த அம்மாள் வேகமாக வந்து கதவோரம் நின்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பையன் பானெட்டில் கை வைத்து நிற்கிறான். துக்கம் விசாரிக்கவும் வேண்டும், சந்தோஷத்தை மறைக்கவும் வேண்டும், பாவம். எதையாவது பேச வேண்டுமே என்று பேசுகிறான். "சார் ஆடி பொறந்ததும் எனக்கு போன் பண்ணாரும்மா. அம்மா ஆவணிலதான் எடுக்கணும்ங்கறாங்க சார்னு சொன்னேன். அதுக்கு அவரு, 'நான் இருக்கறப்பவே வந்து எடுத்துருங்க தம்பி. ஒரே வாசல்லருந்து ரெண்டு தடவ எடுக்கறத அவ ஒருத்தியா நின்னு பாக்கக் கூடாது'ன்னாரு. நானும் சரிங்க சார்னேன், அம்மா ஒத்துக்கல. கேக்கணும்னு நெனச்சேன், கேக்காம விட்டுட்டேன்." தலையைச் சொறிந்துகொள்கிறான். "உங்க வீட்ல இன்னொரு வண்டி இருந்துச்சாம்மா? அதுவும் பியட்டா?"

என் கையைப் பிடித்திருந்த கை இறுகுகிறது. அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "டேய், பேசாம இரு" என்கிறாள். பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான். தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. மலைப்பாதையில் தெரிந்திருக்கிறது, மாடியில் தெரிந்திருக்கிறது, புதுக் கண்ணாடி இளைஞன் மாதிரி இருக்கா என்று கேட்டபோதும் தெரிந்திருக்கிறது. தனியாகப் படுத்துக்கொண்டு, தான் போவதைப் பற்றி யோசிக்காமல், நான் வாசலில் எத்தனை தடவை நிற்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், பாவி மனுஷன். ஒன்றையாவது குறைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்திருக்கிறார். குறைக்க விடவில்லை நாங்கள், ஆடி என்று சொல்லிவிட்டோம், இந்த அம்மாளும் நானும். இவளுடைய முகத்திலும் அதுதான் இருக்கிறது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேலும் வரவில்லை. அவர்மேல்தான் வருகிறது, சொல்லியிருக்கலாமே, என்னிடம் ஒரு வார்த்தை. பையன் இன்னும் பதிலுக்காக நிற்கிறான்.

"ஆமா தம்பி, இன்னொண்ணு இருந்துச்சு. அத ஆடியிலேயே எடுத்துட்டாங்க" என்றேன்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். காப்பி போடணும் என்று சொன்னேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்புறம் நானே கேட்டேன், "நான் நின்னு பாக்கல தம்பி. கொஞ்ச தூரம் கூட வர்றேன், பைபாஸ் வரைக்கும். அங்க இறக்கி விடுங்க, ஆட்டோவில வந்துக்கறேன்." புது வண்டி எடுக்கிற நேரத்தில் முன்சீட்டில் நான் உட்கார்ந்து வரலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அந்த அம்மாள் பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டாள். "முன்னாடியே இருங்க அக்கா, அது உங்க எடம்" என்றாள். பையன் அவர் பள்ளத்தில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறான். நான் முக்கோணக் கண்ணாடியை என் முகத்துப் பக்கம் திருப்புகிறேன். அன்றைக்குப் பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது என்று தெருமுனையில் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். பூவும் பறையுமாக அவர் முனையில் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது முனை வருகிறது. பையன் கை காட்டித் திருப்புகிறான். யாரும் என்னை நிறுத்தவில்லை. தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம், காற்று நேராக என் முகத்தில் அடிக்கிறது, நான் வாய்விட்டு அழுகிறேன், பின்னாலிருந்து அந்த அம்மாள் என் தோளில் கை வைத்திருக்கிறாள்.